எடைக்கு விற்கும் விளக்கு

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கை எடைபோட்டுத்தான் விற்கிறார்கள். கடையினுள் சென்று ஒரு விளக்கைச் சுட்டி விலை கேட்டால், கடைக்காரர் அதைத் தராசில் வைத்த பிறகே விடை சொல்வார். கிலோ இவ்வளவு, விளக்கு இத்தனை கிலோ, ஆகவே விலை இவ்வளவு. கணக்கு நேர்மையானது, ஐயப்பட அதில் ஏதுமில்லை. ஆயினும் அந்தத் தராசு பல ஆண்டுகளாக என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பித்தளையின் கனத்தை அது சரியாகச் சொல்லிவிடுகிறது. அந்தப் பித்தளையை விளக்காக்கிய கையின் கனத்தை எதைக்கொண்டு அளப்பது?

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது இந்தச் சிற்றூர். திருநறையூர் என்பது இதன் பழம்பெயர். தாயாருக்கு முதன்மை கொடுக்கும் பெருமாள் கோவிலும், அங்குள்ள கல் கருடனும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்திருக்கின்றன. மார்கழியிலும் பங்குனியிலும் கருடசேவை நடக்கும்போது, சந்நிதியிலிருந்து நால்வராய்த் தூக்கத் தொடங்கும் கருடனை, அடுத்து 8 பேர், பிறகு 16 பேர், பிறகு 32 பேர் என்று தோள் கொடுத்துத்தான் வெளியே கொண்டுவர முடியும் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. நகர நகர எடை கூடும் கருடன்! அவ்வூர்க்காரர்களுக்கு எடையைப் பற்றி யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை.

கோவிலைத் தாண்டித் தெருக்களுக்குள் நடந்தால் அரம் தேய்க்கும் ஓசை கேட்கும். விளக்கு செய்வோரைப் பத்தர் என்று மரியாதையாக அழைக்கிறார்கள். கொல்லர், தச்சர், கன்னார், சிற்பி, தட்டார் என ஐந்தொழில் செய்யும் கம்மாளருள் பித்தளையும் வெண்கலமும் வார்ப்பவர்கள் இவர்கள். இத்தொழில் ஏன் இவ்வூரில் வேரூன்றியது என்று கேட்டால், காவிரி தந்த வண்டலைக் காட்டுவார்கள். வெளிர் பழுப்பு நிறத்தில், மாவைப் போன்று நைசாக இருக்கும் அந்த வண்டலை ஈரமாக்கிப் பிடித்தால், பிடித்த உருவம் அப்படியே நிற்கும். கைரேகைகூட அதில் பதியும். உருக்கிய உலோகத்தை ஏந்துவதற்கு இதைவிட நல்ல மண் கிடையாது என்பது அவர்கள் துணிபு.

ஒரு குத்துவிளக்கு ஒரே வார்ப்பில் பிறப்பதில்லை என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அடிப்பாகம் தனி, தண்டு தனி, எண்ணெய் ஏந்தும் தகழி தனி, உச்சியில் அமரும் அன்னம் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி அச்சு உண்டு. இரண்டு பாதிகளாகப் பிரியும் சட்டத்துக்குள் வண்டலை இறுகக் கெட்டித்து, நடுவே மாதிரியை வைத்து அழுத்தி, பிறகு சட்டத்தைப் பிரித்து, மண் உதிராமல் மாதிரியை மட்டும் எடுக்க வேண்டும். மூச்சு வேகமாக விட்டாலும் விளிம்பு சரிந்துவிடும் என்று எண்ணும்படியான வேலை அது. மாதிரி இருந்த இடம் இப்போது வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் உலோகம் போய் நிற்க வேண்டும்.

உலையில் மூசை கனன்றுகொண்டிருக்கும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. செம்பு உருகுவதற்கு 1085 பாகை வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே பித்தளை உருகும் இடமெல்லாம் வெள்ளைப் புகை எழும். அந்தப் புகையை அதிகமாகச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் காணும். ஒரிரு நாளில் தணிந்துவிடும். உருக்கின் பதத்தைக் கண்ணால்தான் பார்க்கிறார்கள். அளவுக்கருவி எதையும் நான் எந்தப் பட்டறையிலும் காணவில்லை. உருக்கின் மேற்பரப்பில் ஓடும் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கும் முதியவர், திடீரென்று தலையசைப்பார். அடுத்த நொடியில் இருவர் குறடுகொண்டு மூசையைத் தூக்கிவிடுவார்கள். ஊற்றும்போது யாரும் பேசுவதில்லை.

ஆறிய பிறகு மண்ணை உடைத்து எடுக்கும் பொருளைப் பார்த்தால் உங்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும். கருகிப்போய், விளிம்பெல்லாம் பிசிறாய், ஏதோ எரிந்த வீட்டிலிருந்து எடுத்த பாத்திரம் போலத் தோன்றும். கடைசல் எந்திரத்தில் பிடித்துக் கடைந்து, அரத்தால் தேய்த்து, உளியால் வரி வெட்டி, மெருகேற்றிய பின்னரே நாம் அறிந்த பொன்னிறம் வெளிப்படும். கடைசியாகத் துண்டுகளின் முனைகளில் மரை வெட்டித் திருகிப் பூட்டுகிறார்கள். அடி முதல் உச்சி வரை கோணாமல் விளக்கு நேராக நிற்பது அந்த மரையின் செம்மையைப் பொறுத்தது.

நம் திருச்சபைக்கும் இந்தப் பட்டறைகளுக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969 ஏப்ரல் 25 அன்று, இந்தியத் திருவழிபாட்டில் சேர்த்துக்கொள்ளத்தக்க 12 பண்பாட்டுக் கூறுகளுக்கு உரோமை இசைவு தந்தது. அவற்றுள் ஒன்று, மெழுகுதிரிகளுக்குப் பதிலாக எண்ணெய் விளக்கைப் பயன்படுத்தலாம் என்பது. அன்றிலிருந்து நம் பீடங்களின் அருகே குத்துவிளக்கு இடம்பெறத் தொடங்கியது. அன்னம் இருந்த உச்சியில் சிலுவை அமர்ந்தது. (இன்று நம் விழாக்களில் மெழுகுதிரியைக் கையில் ஏந்திக் குத்துவிளக்கை ஏற்றுகிறோம். இருவரையும் மகிழ்விக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் பெரிய சமரசவாதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.)

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கிலும் கோவிலுக்கு ஒரு பெரிய விளக்கு வேண்டுமென்று முடிவாயிற்று. பங்குப் பேரவையில் எழுந்த முதற் கேள்வி, “எத்தனை கிலோ சாமி?” என்பதுதான். கேட்டவரைக் குறைசொல்வதற்கில்லை. பொதுப்பணத்தைச் செலவிடும்போது எதையேனும் ஒன்றை வைத்துத்தானே அளக்க வேண்டும்? இன்னொருவர், மொராதாபாத்திலிருந்து வரும் விளக்குகள் பார்வைக்கு இதே போலத்தான் இருக்கின்றன, விலையும் மலிவு என்றார். பேசி முடித்து நாச்சியார்கோவிலுக்கே போவதென்று தீர்மானித்தோம். அங்கே எழுபதைத் தாண்டிய ஒரு பத்தரிடம் என்னை அனுப்பினார்கள்.

நான் அவரிடம், “ஐயா, நல்ல கனமாக இருக்கட்டும்” என்றேன். எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அவர் சிரித்தார்.

“கனமா ஊத்துறது சுலபம் சாமி. சன்னமா ஊத்துறதுலதான் கை தெரியும். எடம் குறுகலா இருந்தா, உருக்கு கடைசி மூலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எறுகிப்போயிடும். அதுக்குள்ள ஓட்டணும். ஆனா சன்னமா ஊத்துனா எடை குறைஞ்சுபோவுது. எடை குறைஞ்சா கூலியும் குறைஞ்சுபோவுது. அப்புறம் எவன் சன்னமா ஊத்துவான்?”

தொழில்நுட்பத்தைப் பற்றியும் பொருளாதாரத்தைப் பற்றியும் நான் படித்த நூல்கள் சில உண்டு. இத்துணைச் சுருக்கமாக எந்த நூலும் எனக்கு இதைச் சொன்னதில்லை. எடைக்குக் கூலி என்னும் ஏற்பாட்டில் திறமைசாலி தண்டிக்கப்படுகிறார். அவர் எவ்வளவு நுட்பமாக வார்க்கிறாரோ அவ்வளவு குறைவாகப் பெறுகிறார். தடித்துக் கனத்த, மோட்டா விளக்கை ஊற்றுபவருக்குக் காசு கூடுதல். பின்னர் நாம் கடைத்தெருவில் நின்று, “முன்னைப் போல இப்போது நுணுக்கமான வேலை எங்கே கிடைக்கிறது?” என்று பெருமூச்சு விடுகிறோம்.

கும்பகோணத்துக்கு மேற்கே சுவாமிமலையில் செப்புத்திருமேனி வார்க்கும் ஸ்தபதிகளின் நிலை சற்று வேறு. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றும் அம்முறையில் ஓர் அச்சு ஒரே ஒரு சிலைக்குத்தான். ஆகவே ஒவ்வொரு சிலையும் தனியொன்று. செய்தவர் பெயரும் அதனோடு நிற்கிறது. அவர்களைக் கலைஞர்கள் என்கிறோம். விளக்கு வார்ப்பவர்களை அப்படிச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. விளக்கில் பெயர் பொறிப்பதுண்டு. ஆனால் அது வாங்கிக் கொடுத்தவருடைய பெயர். நம் கோவில்களிலுள்ள விளக்குகளை ஒருமுறை குனிந்து பாருங்கள். இன்னாரின் நினைவாக இன்னார் குடும்பத்தார் அன்பளிப்பு என்று அடிப்பாகத்தைச் சுற்றி எழுதியிருக்கும். செய்தவர் பெயர் இருக்காது.

சீராக்கின் நூல் 38ஆம் அதிகாரத்தில் இந்தக் கைகளைப் பற்றிய அரிய பகுதி ஒன்று இருக்கிறது. உழவர், முத்திரை செதுக்குபவர், கொல்லர், குயவர் என வரிசையாக ஒவ்வொருவரையும் அருகே நின்று பார்த்தவர் போலவே ஆசிரியர் வரைகிறார். உலையின் அனல் கொல்லரின் உடலை வாட்டுவதையும், சம்மட்டி ஓசை அவர் காதை நிறைப்பதையும், எடுத்த வேலையை முடிக்கும்வரை அவர் கண்விழித்திருப்பதையும் சொல்கிறார். இவர்கள் இல்லாமல் எந்த நகரிலும் மக்கள் குடியிருக்க முடியாது என்கிறார். அங்கேயே நிறுத்தியிருந்தால் நாமும் மகிழ்ந்து பக்கத்தைப் புரட்டியிருப்போம். ஆனால் அதே மூச்சில், மக்கள் மன்றத்தில் இவர்களை யாரும் கருத்துக் கேட்பதில்லை, நீதி இருக்கையில் இவர்கள் அமர்வதில்லை என்றும் எழுதுகிறார். எழுதியவர் ஏடறிந்தவர். ஏடறிந்தோரின் உயர்வைச் சொல்லவே இந்தப் பகுதியைத் தொடங்கினார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது நாங்களெல்லாரும் ஏடறிந்தோர் பக்கமே உட்கார்ந்திருந்தோம் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

சீராக்குக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின், நாசரேத்து என்னும் சிற்றூரின் தொழுகைக்கூடத்தில் தச்சர் ஒருவர் போதிக்க எழுந்தார். கேட்டவர்கள் அவருடைய போதனையை ஆராயவில்லை. அவருடைய தொழிலைச் சுட்டினார்கள். மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரம் இதைப் பதிவு செய்திருக்கிறது. கிரேக்க மூலத்தில் வரும் ‘தெக்டோன்’ என்னும் சொல் மரவேலை செய்பவரையும், வீடு கட்டுபவரையும் சேர்த்தே குறிக்கும். நாசரேத்திலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செப்போரி நகரை ஏரோது அந்திப்பா அக்காலத்தில் புதுப்பித்துக் கட்டிக்கொண்டிருந்தான். சூசையப்பரும் அவர் மகனும் அங்கே கூலிக்குச் சென்றிருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் புனித ஜஸ்டின் எழுதிவைத்தார். அந்த நுகங்களுக்கு நாசரேத்து மக்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்று எந்தச் சுவடியும் சொல்லவில்லை. 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக்கினார். அன்று நாம் அவர் சுரூபத்துக்கு மாலை சூட்டுகிறோம். கையில் உளியும் இழைப்புளியும் ஏந்தி நிற்கும் சூசையப்பரிடம் யாரும் பேரம் பேசுவதில்லை.

இனி என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. என் தந்தையார் ஒரு கொல்லர். திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எங்களுடையது ஒன்றே கிறித்தவக் கொல்லர் குடும்பம். கொழு அடிப்பதும், அரிவாளுக்குப் பல் வெட்டுவதும், மண்வெட்டி சாணை பிடிப்பதும் அன்றாட வேலை. ஆண்டுக்குச் சில முறை மட்டும் நடக்கும் பெரிய வேலை, வண்டிச்சக்கரத்துக்குப் பட்டை கட்டுவது. அது எங்கள் ஊருக்கே ஒரு வேடிக்கை. பள்ளி விடுமுறையாக இருந்தால் பிள்ளைகளெல்லாம் வந்து கூடிவிடுவார்கள்.

தச்சர் சக்கரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பார். குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் மரம். எல்லாம் சற்றே தொளதொளவென்று இருக்கும். என் தந்தை ஒரு கயிற்றால் வட்டையைச் சுற்றி அளப்பார். பிறகு இரும்புப் பட்டையை வளைத்து வளையமாக்குவார். வளையம் சக்கரத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். எவ்வளவு சிறியதாக? அதில்தான் எல்லாமே அடங்கியிருந்தது. அதிகமாகக் குறைத்தால் குளிர்ந்து சுருங்கும்போது ஆரக்கால்கள் நெரிந்து முறியும். போதுமான அளவு குறைக்காவிட்டால் பத்து நாள் ஓட்டத்திலேயே பட்டை கழன்றுவிடும். மரம் புதியதா பழையதா, வேலமா வேம்பா என்று பார்த்து, தட்டிப் பார்த்து, விரலை மடக்கிக் காட்டி ஓர் அளவு சொல்வார். தரையில் வட்டமாக வறட்டியும் உமியும் பரப்பி, வளையத்தை அதில் கிடத்தித் தீ மூட்டுவார்கள். வளையம் பழுத்துச் சிவந்து விரிந்ததும் நான்கு பேர் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் பற்றிக்கொண்டு எரியும். உடனே குடங்குடமாகத் தண்ணீர். எங்கும் ஆவி. அந்த ஆவிக்குள்ளிருந்து ‘கிறீச், கிறீச்’ என்று மரம் இறுகும் ஓசை வரும். தொளதொளவென்றிருந்த ஆரக்கால்களெல்லாம் குடத்தில் போய் அடித்து வைத்தாற்போல் உட்கார்ந்துவிடும். ஓர் ஆணிகூட அடிக்காமல், இரும்பின் சுருக்கம் ஒன்றாலேயே ஒரு சக்கரம் முழுமை பெறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இன்றும் எனக்கு அலுக்காத காட்சி அது.

இதை இவ்வளவு விரிவாக எழுதும்போது, ‘அந்த அருமையான தொழில் அழிந்துவிட்டதே’ என்று வாசகர் சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் அந்த ஓசை கேட்காததில் ஏக்கம் உண்டு. ஆனால் இன்னொரு காட்சியையும் நான் மறக்கவில்லை. அறுவடை முடிந்ததும் என் தந்தை சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு களத்துமேட்டின் ஓரத்தில் போய் நிற்பார். ஆண்டு முழுவதும் கொழு அடித்துக் கொடுத்ததற்கான நெல்லை அங்கேதான் அளந்து போடுவார்கள். எல்லாருக்கும் அளந்து முடித்த பிறகு, நிலத்துக்காரருக்கு நினைவு வரும்போது போடுவார்கள். அந்த நேரம் வரும்வரை அவர் நிற்பார். வண்டிச்சக்கரத்தின் சுருக்கத்தை விரலளவில் சொல்லிய அதே மனிதர், தமக்கு எவ்வளவு நெல் என்பதைச் சொல்ல உரிமையற்றவராக நிற்பார். 1980களில் டிராக்டர் வந்தது. கொழுவுக்கும் வண்டிக்கும் வேலை குறைந்தது. நான் பள்ளிவிட்டு வந்து துருத்தி இழுக்கக் கையை நீட்டினால், “போய்ப் புத்தகத்தை எடுடா” என்பார். ஊரார் சிலர் குலத்தொழிலை விடலாமா என்று அவரிடம் கேட்டதுண்டு. அவர் பதில் சொன்னதாக நினைவில்லை. தம் உலை தம்மோடு அணைய வேண்டும் என்று அவரே முடிவு செய்திருந்தார்.

ஆகவே கைத்தொழில் அழிகிறதே என்று மேடையில் வருந்துவோரைக் கேட்கும்போது எனக்கு இரு மனமாகிவிடுகிறது. நாச்சியார்கோவில் பத்தரின் மகன் சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறார். அவரைத் திரும்பி வந்து மூசையைப் பிடிக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? என் மகன் குருவாக வேண்டும் என்று எந்தத் தந்தையும் விரும்பலாம். கட்டாயப்படுத்தலாகாது என்று நாம்தானே போதிக்கிறோம்? கொல்லர் மகன் கொல்லனாகத்தான் இருக்க வேண்டும் என்பதிலுள்ள கொடுமையைத் தமிழகம் நன்கறியும். 1953இல் சென்னை மாநிலத்தின் கிராமப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று வந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டு மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் நடுவண் அரசு விசுவகர்மா திட்டத்தை 18 தொழில்களுக்கென அறிமுகப்படுத்தியபோது, 18 வயதில் சேரலாம் என்ற விதியும், குடும்பத் தொழில் என்ற நிபந்தனையும் அதே பழைய கதவைத் திறக்குமோ என்ற ஐயம் இங்கே எழுந்தது. குறைந்த வயதை 35 ஆக்குமாறு தமிழக அரசு கேட்டது. பின்னர் 2025இல் சாதி வரம்பில்லாமல் 25 தொழில்களுக்குத் தனியே ஒரு திட்டம் தொடங்கியது. இளைஞன் முதலில் படிக்கட்டும், வேறு வழிகளையும் பார்க்கட்டும், பிறகு விரும்பினால் உலைக்கு வரட்டும் என்ற அந்த எண்ணத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. என் தந்தையும் அதைத்தான் செய்தார். வயதைக் கணக்கிட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் கடனும் கருவியும் பயிற்சியும் கொடுக்கும் திட்டங்கள் எவையும் அந்தத் தராசைத் தொடுவதில்லை. புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் பட்டியலில் நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் இருக்கிறது. வேற்றூர் விளக்குக்கு இவ்வூர்ப் பெயரைச் சூட்டி விற்க முடியாது என்ற பாதுகாப்பு அதனால் சட்டப்படி உண்டு. நல்லதுதான். பெயருக்குக் காப்பு கிடைத்தது. கைக்கு இன்னும் எடைக்கூலிதான். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இளமையில் போலந்து நாட்டுக் கற்சுரங்கத்திலும் இரசாயன ஆலையிலும் உடலுழைப்புச் செய்தவர். உழைப்பைப் பற்றி 1981இல் அவர் எழுதிய சுற்றுமடலின் மையக் கருத்து, உழைப்பின் மதிப்பை விளைபொருளைக் கொண்டு மட்டும் முடிவு செய்யலாகாது, உழைப்பவர் மனிதர் என்பதிலிருந்தே அது தொடங்குகிறது என்பதாகும். அதை நான் குருமடத்தில் தேர்வுக்கு எழுதியிருக்கிறேன். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. நடைமுறையில் அதற்கு என்ன பொருள் என்று எண்ணியது அந்தப் பத்தரின் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான்.

பேரவையில் மீண்டும் பேசினோம். கேள்வியைச் சற்று மாற்றி வைத்தேன். உலோகத்துக்கு அன்றைய சந்தை விலை தனி. வேலைக்குக் கூலி தனி. வேலைக்கூலியைப் பத்தரே சொல்லட்டும். எத்தனை நாள், எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்வோம். எடை எவ்வளவு வந்தாலும் அந்தக் கூலி மாறாது என்று முன்னதாகவே சொல்லிவிடுவோம். இதற்கு எதிர்ப்பு வராமலில்லை. வேலையை இழுத்தடித்து நாளைக் கூட்டிவிட்டால் என்ன செய்வது என்றார் ஒருவர். நியாயமான அச்சம். அவர் கட்டடக் கொத்தனார். தம்முடைய வேலைக்கு அவர் சதுர அடிக்கா, நாளுக்கா கூலி வாங்குகிறார் என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். நுணுக்கமான பூச்சுவேலை என்றால் நாள் கூலிதான் என்று சொன்னவர், சொல்லிவிட்டுத் தாமே சிரித்துவிட்டார். தீர்மானம் நிறைவேறியது.

பத்தர் முதலில் இதை நம்பவில்லை. பிறகு தம் மருமகளை அழைத்து ஒரு தாளில் கணக்கெழுதச் சொன்னார். அவர் சொன்ன கூலி, நான் எண்ணியிருந்ததைவிடக் குறைவு. தம் நேரத்துக்கு விலை சொல்லிப் பழக்கமில்லாதவர் வேறெப்படிச் சொல்வார்? நாங்கள் அதைச் சற்றுக் கூட்டியே எழுதினோம். விளக்கு நான்கு அடி உயரம், மூன்று அடுக்குத் தகழி. உச்சியில் சிலுவை. தண்டு மெலிந்து, வளையம் வளையமாக ஏறிப்போகும். கடைத்தெருவில் நான் பார்த்த எதனோடும் அதை ஒப்பிட முடியாது. அதே உயரத்து விளக்குகளைவிட எடை கணிசமாகக் குறைவு.

எடுத்துவரச் சென்ற நாளில் பட்டறையில் ஓர் இளைஞன் தகழிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து ஊரில் விவசாயக் கூலி செய்யும் குடும்பத்துப் பிள்ளை. அவன் வீட்டில் எவரும் ஒருபோதும் மூசையைத் தொட்டதில்லை. பள்ளியிறுதி முடித்து, சில காலம் திருப்பூரில் இருந்து, பிடிக்காமல் திரும்பியவன். மெருகு போடும் வேலைக்கு வந்தவன், ஊற்றக் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறான். தம் உறவினர் சிலருக்கு இது பிடிக்கவில்லை என்று பத்தர் மறைக்காமல் சொன்னார்.

“எம் மவன் வேணாங்கிறான், இவன் வேணுங்கிறான். நா யாருக்குச் சாமி சொல்லிக்கொடுக்கிறது? இந்தக் கீழ்த்தகழி அவன் ஊத்துனது. மொத ரெண்டும் மூலையில ஓட்டை விழுந்து போச்சு. மூணாவது நின்னுது.”

கீழ்த்தகழியைக் கையில் எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தேன். மேலே உள்ளவற்றுக்கும் அதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. அந்தப் பையனுக்கு எடைக்கூலியா என்று பத்தரிடம் கேட்டேன். இல்லை, கற்றுக்கொள்ளும் வரை நாள்கூலிதான், எடைக்கூலி கொடுத்தால் அவன் எப்போதும் கனமாகவே ஊற்றிப் பழகிவிடுவான் என்றார்.